சொல்லாமல் விழுங்கும் வடிகட்டி

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளைக் கவனிக்கும் வாரியம் ஒன்றுக்கு எதிராக நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணத்தை வாரியமே செலுத்த வேண்டும் என்பது உத்தரவு. அதன் நகல் வாரியத்தின் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம். அந்த முப்பது நாளும் கழிந்த பிறகுதான் அப்படி ஓர் உத்தரவு வந்திருப்பதே அலுவலகத்துக்குத் தெரிந்தது.

விசாரித்தபோது, அந்த மின்னஞ்சல் வழக்கறிஞர் அலுவலகத்தின் சர்வர் வரை ஒழுங்காக வந்து சேர்ந்தது உறுதியானது. அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். ஸ்பாம் என்று சந்தேகிக்கும் எதையும் தனி ஃபோல்டரில்கூட வைக்காமல், யாருக்கும் தகவல் சொல்லாமல், நிரந்தரமாக அழித்துவிடும்படி அந்த சர்வர் அமைக்கப்பட்டிருந்தது. இது ஆபத்து என்று கணினி ஆலோசகர் முன்பே எச்சரித்திருந்தார். செலவைக் கருதி அலுவலகம் அதை ஏற்கவில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது மன்னிக்கத்தக்க கவனக்குறைவு அல்ல என்று சொல்லி, அவகாசத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது.

அஞ்சல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அனுப்பிய தரப்பு நினைத்தது. அஞ்சலே வரவில்லை என்று பெற வேண்டிய தரப்பு நினைத்தது. இரண்டு தரப்பும் நினைத்ததில் நியாயம் இருந்தது. நடுவில் நின்ற வடிகட்டி மட்டும் உண்மையை அறிந்திருந்தது. அது யாரிடமும் சொல்லவில்லை. நல்ல அஞ்சல் தவறுதலாகத் தடுக்கப்படும் பிரச்சினையின் சாரம் இந்த ஒரு வழக்கில் இருக்கிறது. வடிகட்டிகள் தவறு செய்யத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. நடந்த தவறு இரு தரப்புக்கும் தெரியாமல் போவது தவிர்க்கக்கூடியது. கடந்த முப்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், பெரிய சேதங்கள் பலவும் அந்த இரண்டாவது இடத்தில்தான் நிகழ்ந்திருக்கின்றன.

வடிகட்டியே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. உலகில் ஓடும் மின்னஞ்சலில் 45.6 சதவீதம் ஸ்பாம் என்று காஸ்பெர்ஸ்கி நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொன்னது. தொடக்கம் சிறியது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துயர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த சுமார் நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். 1994 ஏப்ரலில் இரண்டு வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான யூஸ்நெட் விவாதக் குழுக்களில் கொட்டினார்கள். அதன் பிறகு இன்பாக்ஸ் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை.

முதலில் வந்த வடிகட்டிகள் சொற்களைப் பார்த்தன. அதிலும் சொல்லை முழுதாகப் பார்க்காமல் எழுத்துக் கோவையைப் பார்த்தன. இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரவாசிகள் 1996இல் ஏஓஎல் இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் திண்டாடினார்கள். ஊர்ப் பெயருக்குள் ஓர் ஆங்கில வசைச்சொல்லின் எழுத்துகள் ஒளிந்திருந்தன. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்துக்கு வர வேண்டிய அஞ்சல்கள் சில வந்து சேரவில்லை என்று 2004இல் செய்தி வந்தது. அதன் பெயர் ஆபாசச் சொல்லைப் போல் ஒலித்ததே காரணம். 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் 'சியாலிஸ்' என்ற மாத்திரையின் பெயர் அடங்கியிருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்த நிபுணர்களின் தன்விவரக் குறிப்புகள் அதனால் தடுக்கப்பட்டதுண்டு.

இவற்றைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2003 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்தது சிரிக்கும் விஷயமல்ல. மக்களவையில் புதிதாகப் பொருத்திய வடிகட்டி, அப்போது விவாதத்தில் இருந்த பாலியல் குற்றங்கள் மசோதா பற்றிய அஞ்சல்களை நிறுத்தியது. தணிக்கை குறித்து ஒரு கட்சி தயாரித்த ஆலோசனை ஆவணம் தொடர்பான அஞ்சல்களையும் நிறுத்தியது. வேல்ஸ் மொழியில் எழுதிய அஞ்சல்களும் நின்றுபோயின. அந்த மொழி அதற்குத் தெரியாது. தொகுதி மக்கள் தங்கள் தாய்மொழியில் தங்கள் உறுப்பினருக்கு எழுதிய கடிதம், மொழி புரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குப்பையாகிவிட்டது.

இந்த ஆபத்து தமிழுக்கும் வெகு தொலைவில் இல்லை. உலகெங்கும் சர்வர்களில் ஓடும் ஸ்பாம்அசாசின் என்ற இலவச வடிகட்டியில், ஏற்கத்தக்க மொழிகளை நிர்வாகியே வரையறுக்கும் வசதி உண்டு. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு அலுவலகம் ஒன்றில் நிர்வாகி ஆங்கிலம் மட்டும் போதும் என்று வைத்துவிட்டால், தமிழில் வரும் அஞ்சலுக்கு எடுத்த எடுப்பிலேயே அபராத மதிப்பெண் விழும். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழர்கள் டிஸ்கி போன்ற எட்டு பிட் குறியேற்றங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைப்பு வரியில் முறைப்படி மாற்றாத எட்டு பிட் எழுத்துகள் மிகுந்திருந்தால் மதிப்பெண் ஏற்றும் விதி அதே மென்பொருளில் இருந்தது. டிஸ்கித் தலைப்பை அப்படியே அனுப்பினால் அந்த விதிக்குள் விழ வேண்டியதுதான். மேசைக்கணினி அவுட்லுக்கில் குறிப்பிட்ட நாடுகளின் டொமைன்களையும் குறிப்பிட்ட எழுத்துக் குறியேற்றங்களையும் மொத்தமாகத் தடுக்கும் பட்டியல்கள் உண்டு. ஒரு டிக் போட்டால் ஒரு நாடே வெளியே நிற்கும்.

சொல்லைப் பார்ப்பது போதாதென்று ஆனபோது, அனுப்பும் இடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1997இல் பால் விக்ஸி தொடங்கிய கறுப்புப் பட்டியல் இதற்கு முன்னோடி. 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு ஸ்பாம்ஹவுஸ் அமைப்பைத் தொடங்கினார். இது வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. 192.0.2.10 என்ற ஐபி முகவரியிலிருந்து ஒரு சர்வர் கதவைத் தட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெறும் சர்வர் அந்த எண்ணைத் திருப்பிப் போட்டு, 10.2.0.192 என்று பட்டியல்காரரின் டொமைனுக்கு முன்னால் சேர்த்து, இணைய முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பிடம் சாதாரணக் கேள்வியாகக் கேட்கிறது. பதில் வந்தால் அந்த முகவரி பட்டியலில் இருக்கிறது, பதில் இல்லையென்றால் இல்லை. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். அஞ்சலைத் திறந்தே பார்க்க வேண்டாம்.

எளிமைதான் இதன் பலவீனமும். ஐபி முகவரி என்பது ஒரு மனிதர் அல்ல. மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் ஒருவருடைய கடவுச்சொல் திருடுபோய் அவர் கணக்கிலிருந்து ஸ்பாம் கிளம்பினால், மீதிப் பேரின் அஞ்சலும் சேர்ந்து நிற்கும். களை எடுக்கப் போய்ப் பயிரையும் பிடுங்கிய கதை. பிடுங்கப்பட்டவருக்குத் தாம் எந்தப் பட்டியலில் இருக்கிறோம், ஏன் இருக்கிறோம் என்பது பெரும்பாலும் தெரியாது.

பட்டியலை நடத்துபவர் கடையை மூடிவிட்டால் இன்னும் மோசம். 2003 ஆகஸ்டில் ஆசிருசாஃப்ட் என்ற பட்டியல் மூடப்பட்டபோது, எந்த முகவரியைக் கேட்டாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே பதில் சொல்லத் தொடங்கியது. அதை நம்பியிருந்த சர்வர்களுக்கு உலகமே ஸ்பாமர் ஆகிவிட்டது. டென்மார்க்கிலிருந்து இயங்கிய ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் முறையாக அறிவித்துவிட்டு நிறுத்தப்பட்டது. ஆனாலும் பல சர்வர்கள் அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தன. கடைசியில் 2008 மார்ச்சில் அதுவும் எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று சொல்ல ஆரம்பித்தது. ஒருமுறை அமைத்த வடிகட்டியை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தெரிந்தே ஒரு கண்டத்தை அடைத்த நிகழ்வும் உண்டு. 2004 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் வெரைசான் இணையச் சேவை, ஸ்பாமைக் குறைப்பதாகச் சொல்லி ஐரோப்பாவின் பெரும் பகுதியிலிருந்து வந்த அஞ்சல்களைத் தடுத்தது. உறவினர்களின் கடிதமும் வணிகக் கடிதமும் வேறுபாடின்றி நின்றன. வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் சிறு இழப்பீட்டுடன் சமரசம் ஏற்பட்டது.

சொல்லும் இடமும் தனித்தனியே பார்த்தால் போதாது என்று தெரிந்த பிறகு வந்தது மதிப்பெண் முறை. ஸ்பாம்அசாசினில் நூற்றுக்கணக்கான விதிகள். ஒவ்வொன்றும் சிறிது மதிப்பெண் கூட்டும் அல்லது குறைக்கும். மொத்தம் ஐந்தைத் தொட்டால் ஸ்பாம். 2002 ஆகஸ்டில் நிரலாளர் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, விதிகளை மனிதர் எழுதுவதற்குப் பதிலாக, வந்த அஞ்சல்களிலிருந்து நிகழ்தகவைக் கணினியே கற்றுக்கொள்ளும் முறை பரவியது. ஸ்பாம் ஒன்று தப்பி வருவதைவிட நல்ல அஞ்சல் ஒன்று தடுக்கப்படுவது மிகப் பெரிய பிழை என்பதை அவர் அப்போதே வலியுறுத்தினார். இன்றும் அதுவே சரியான அளவுகோல்.

மதிப்பெண் முறை எப்படிச் சறுக்கும் என்பதைப் பார்க்க ஒரு புத்தாண்டு நாள் போதும். ஸ்பாமர்கள் தங்கள் அஞ்சல் இன்பாக்ஸ் பட்டியலின் மேலே நிற்பதற்காக எதிர்காலத் தேதி போடுவார்கள். அதைப் பிடிக்க ஸ்பாம்அசாசினில் ஒரு விதி இருந்தது. 2010 முதல் 2099 வரை எந்த ஆண்டு தேதியில் வந்தாலும் அது வெகு தொலைவான எதிர்காலம் என்று அந்த விதி கருதியது. எழுதிய காலத்தில் சரிதான். 2010 ஜனவரி 1 பிறந்ததும் உலகில் எழுதப்பட்ட ஒவ்வொரு அஞ்சலும் எதிர்காலத்திலிருந்து வந்ததாக ஆகிவிட்டது. அமைப்பைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை மதிப்பெண் வரை கூடியது. வேறு ஏதாவது காரணத்துக்காக ஒன்றரை மதிப்பெண் வாங்கியிருந்த சாதாரணக் கடிதங்கள் பலவும் எல்லையைத் தாண்டின. இதில் வருத்தம் தரும் விஷயம், அந்தப் பிழை உருவாக்கப் பதிப்பில் முன்பே திருத்தப்பட்டிருந்ததுதான். திருத்தம் பயனாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2022 ஜனவரி 1 அன்று, மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் தீங்குநிரல் வடிகட்டி இதே வகையில் நின்றது. அது தேதியை 2201010001 என்ற எண்ணாக எழுதி, 2147483647க்கு மேல் கொள்ளாத இடத்தில் போட முயன்றது. எண் கொள்ளவில்லை; வடிகட்டி உயிரிழந்தது; பரிசோதனை முடியாத அஞ்சல்கள் வரிசையில் தேங்கின.

கற்றுக்கொள்ளும் இயந்திரங்கள் இதைவிட நுட்பமாகத் தவறுகின்றன. 2015 ஜூலையில் கூகுள், ஜிமெயிலில் வேண்டிய அஞ்சல் ஸ்பாம் ஃபோல்டருக்குப் போவது 0.05 சதவீதத்துக்கும் குறைவு என்று அறிவித்தது. அடுத்த சில நாள்களில் லினக்ஸ் படைப்பாளி லைனஸ் டோர்வால்ட்ஸ் தம் ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்தார். சுமார் 3,000 உரையாடல்கள் கிடந்தன. முதல் ஆயிரத்தைப் பார்த்து முடித்தபோது 228 தவறுதலாக அங்கே தள்ளப்பட்டவை என்று எழுதினார். அவற்றில் லினக்ஸ் கருவகத்துக்கான நிரல் திருத்தங்களும் இருந்தன. நிரல் துண்டுகள் நிறைந்த அந்தக் கடிதங்களின் நடை, சராசரி மனிதரின் கடிதங்களிலிருந்து கற்ற இயந்திரத்துக்கு அந்நியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கூகுள் சொன்னது எல்லாப் பயனாளருக்குமான சராசரி. அவர் சொன்னது ஒரு மனிதருடைய ஃபோல்டரின் நிலை. சராசரி நன்றாக இருப்பதால் மட்டும் விளிம்பில் இருப்பவர் காப்பாற்றப்படுவதில்லை. 2025 ஏப்ரல் இறுதியில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன், ஜிமெயில் முகவரிகளிலிருந்து வந்த அஞ்சல்களையே ஸ்பாம் என்று ஒதுக்கியது. ஸ்பாம் தாக்குதல்களில் வருபவற்றை அவை ஒத்திருந்ததாக அதன் இயந்திரக் கற்றல் மாதிரி கருதிவிட்டது. சில நாளில் நிறுவனம் பழைய மாதிரிக்குத் திரும்பியது.

ஒருதலைப்பட்சம் என்ற சந்தேகமும் இங்கேதான் முளைக்கிறது. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 102 மின்னஞ்சல் கணக்குகளைத் தொடங்கி, வேட்பாளர்களின் பிரசார அஞ்சல்கள் எங்கே போகின்றன என்று ஐந்து மாதம் கவனித்தார்கள். ஜிமெயில் வலதுசாரி வேட்பாளர்களின் அஞ்சலை அதிகமாக ஸ்பாமில் தள்ளியது. அவுட்லுக்கும் யாஹூவும் இடதுசாரி வேட்பாளர்களின் அஞ்சலை அதிகமாகத் தள்ளின. ஆய்வின் முதல் பாதி மட்டும் அரசியல் மேடைகளில் பேசப்பட்டது. குடியரசுக் கட்சியின் தேசியக் குழு 2022 அக்டோபரில் கூகுள் மீது வழக்குப் போட்டது. கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அதைத் தள்ளுபடி செய்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்பது தீர்ப்பின் ஒரு பகுதி. அந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது. ஆனால் ஒரு நாட்டின் தேர்தல் கடிதம் எந்தப் பெட்டிக்குப் போகும் என்பது மூன்று நிறுவனங்களின் வெளியே சொல்லப்படாத கணக்கைப் பொறுத்தது என்ற உண்மை அப்படியே இருக்கிறது.

அனுப்புபவர் யார் என்பதை உறுதிசெய்ய எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று ஏற்பாடுகள் வந்தன. கடிதம் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று இவை பார்க்கின்றன. போலிக் கடிதங்களைத் தடுப்பதில் இவற்றின் பயன் பெரிது. பக்கவிளைவும் உண்டு. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வந்து சோதனையில் தேறாத எதையும் நிராகரிக்கும்படி மற்ற சேவைகளைக் கேட்டுக்கொண்டது. குழு மடல்கள் உறுப்பினரின் கடிதத்தைத் தங்கள் சர்வர் வழியே மறுபடி அனுப்புபவை. அவை தேறவில்லை. யாஹூ முகவரியிலிருந்து ஒருவர் குழுவுக்கு எழுதிய கடிதம் மற்ற உறுப்பினர்களிடம் சேராமல் திரும்பியது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், தங்கள் பயனாளர்களுக்கு மொத்தமாக அனுப்புபவர்களிடம் இந்த ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கின. நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்குக் கூகுளின் விதிகள் இன்னும் கடுமை. புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. பெரிய நிறுவனங்களுக்கு இதைச் செய்ய ஆள் இருக்கிறது. சொந்தமாக ஒரு சிறு சர்வர் வைத்து நடத்தும் பள்ளிக்கோ சங்கத்துக்கோ இல்லை. அதனால் அவர்களும் பெரிய நிறுவனங்களிடமே போய்ச் சேர்கிறார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் அஞ்சலை ஒப்படைக்கும்போது இரண்டும் எண்களில் பேசிக்கொள்கின்றன. 250 என்றால் 'பெற்றுக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு'. 550 என்றால் 'வாங்க மாட்டேன்'. 550 வந்தால் அனுப்பிய சர்வர் தன் பயனாளரிடம் உடனே சொல்லிவிடும்: கடிதம் போகவில்லை. அவர் தொலைபேசியை எடுப்பார், வேறு முகவரியிலிருந்து அனுப்புவார், தபாலில் போடுவார். 250 சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோய் அழித்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. 2008இல் வெளியான, மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி விதிநூலான ஆர்எஃப்சி 5321, அப்படிச் சத்தமில்லாமல் அழிப்பதை, அஞ்சல் மோசடியானது அல்லது வேறு வகையில் தகாதது என்ற மிக உயர்ந்த உறுதி இருக்கும்போது மட்டுமே நினைத்துப் பார்க்கச் சொல்கிறது.

நிர்வாகிகளின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பெற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பினால், ஸ்பாமர் திருடிப் போட்ட முகவரிக்குச் சொந்தக்காரரான அப்பாவியின் பெட்டிதான் நிறையும். ஆகவே திருப்பி அனுப்புவதை நிறுத்தினார்கள், அது சரி. ஆனால் வாசலில் வைத்தே 550 சொல்வதில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. அந்த வழி எப்போதும் திறந்திருக்கிறது.

சொல்லிவிட்டு மறுப்பதற்கும் சொல்லாமல் விழுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு நிகழ்வுகள் காட்டும். 2001 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் மாணவர் சேர்க்கை முடிவுகளை மின்னஞ்சலில் அனுப்பியது. ஏஓஎல் அவற்றில் 75 முதல் 100 வரை ஏற்காமல் திருப்பியது. திருப்பியதால் பல்கலைக்கழகத்துக்கு விஷயம் தெரிந்தது. 2006 ஏப்ரலில், ஏஓஎல் கொண்டுவந்த கட்டண அஞ்சல் திட்டத்தை எதிர்த்த இயக்கத்தின் இணைய முகவரியைக் கொண்ட அஞ்சல்களை அதே ஏஓஎல் ஏற்கவில்லை. மென்பொருள் கோளாறு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அனுப்பியவர்களுக்கு அஞ்சல் திரும்பி வந்ததால் உடனே அது அம்பலமாகி, விரைவில் சரிசெய்யப்பட்டது. அந்த அஞ்சல்கள் சத்தமில்லாமல் அழிந்திருந்தால் புகார் சொல்லவே யாருக்கும் தோன்றியிருக்காது.

சட்டம் பெறுபவர் பக்கம் நிற்பதில்லை. ஜெர்மனியின் பான் நகர நீதிமன்றம் 2014 ஜனவரியில், சமரச யோசனை கொண்ட அஞ்சல் ஸ்பாம் ஃபோல்டரில் கிடந்ததைக் கவனிக்காத வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அஞ்சல் முகவரியைத் தொழிலுக்காக வெளியிட்டவர் ஸ்பாம் ஃபோல்டரையும் தினமும் பார்க்கக் கடமைப்பட்டவர் என்றது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 13ஆம் பிரிவின்படி, பெறுபவர் குறிப்பிட்டுத் தந்த கணினி அமைப்புக்குள் ஆவணம் நுழைந்த நேரமே அது பெறப்பட்ட நேரம், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை. அவர் அதைத் திறந்தாரா, எந்த ஃபோல்டரில் விழுந்தது என்பதை அந்தப் பிரிவு கேட்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுக்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அலுவலகங்களின் கணினிப் பிரிவுகளிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. சந்தேகமான அஞ்சலை வாசலிலேயே காரணத்துடன் மறுக்கட்டும்; உள்ளே எடுத்துவிட்டால் பயனாளரின் கண்ணில் படும் ஃபோல்டரில் வைக்கட்டும்; யாருக்கும் சொல்லாமல் அழிக்கும் அமைப்பு எங்காவது இருந்தால் அதை இன்றே மாற்றட்டும். கறுப்புப் பட்டியல்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்கட்டும். முக்கியமான கடிதத்தை எதிர்பார்த்திருப்பவர்கள் ஸ்பாம் ஃபோல்டரை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். நல்ல அஞ்சல் இருந்தால் 'ஸ்பாம் அல்ல' என்ற பொத்தானை அழுத்துங்கள். வட கரோலினா ஆய்வில் ஜிமெயிலின் சாய்வைக் கணிசமாகக் குறைத்தது பயனாளர்கள் செய்த அந்தத் திருத்தம்தான். ஜிமெயில் தன் ஸ்பாம் ஃபோல்டரில் உள்ளதை முப்பது நாளில் தானாகவே அழித்துவிடும்.